முன்னெழுத்துத் தேடலுக்கு எந்த இன்டெக்ஸ்? பி-ட்ரீயா, டிரைகிராமா?

2024 பெப்ரவரி 9, கல்லடியிலிருந்து ஒரு வாசகர்

போஸ்ட்கிரெஸ் 12 தரவுத்தளம் வைத்திருக்கிறேன். உறுப்பினர் பெயர்ப் புலத்துக்குச் சாதாரண இன்டெக்ஸ் போட்டாயிற்று. பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தை டைப் பண்ணினதும் கீழே பட்டியல் வரவேண்டும். லைக் 'மரு%' ('மரு' என்று தொடங்குபவை) என்று கேட்டால் இன்டெக்ஸைத் தொடாமல் முழு அட்டவணையையும் வாசிப்பதாகத்தான் எக்ஸ்பிளெய்ன் (வினவல் எப்படி ஓடும் என்று சொல்லும் கட்டளை) காட்டுகிறது. இன்டெக்ஸ் பழுதா? டிரைகிராம் போடச் சொல்கிறார்கள். போடவா?

2024 பெப்ரவரி 9, இரவு, என் பதில்

இன்டெக்ஸ் பழுதில்லை தம்பி. லொகேலை, அதாவது தரவுத்தளத்தின் மொழி அமைப்பைப் பாருங்கள். தரவுத்தளத்தை உருவாக்கும்போது ஆங்கில அமெரிக்க லொகேலோ வேறொன்றோ தானாக வந்திருக்கும். சாதாரண இன்டெக்ஸ் என்பது பி-ட்ரீ, மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் மரம். அது அந்த மொழியின் அகர வரிசை விதிப்படி அடுக்கியிருக்கும். அந்த விதிகள் சொல்லை முழுதாக, பல படியில் ஒப்பிடுகின்றன. 'மரு' என்று தொடங்குபவை எல்லாம் அடுத்தடுத்து ஒரே இடத்தில் இருக்கும் என்ற உறுதி அங்கே இல்லை. உறுதி இல்லாததால் போஸ்ட்கிரெஸ் அதை எடுப்பதில்லை.

பைட் வரிசையில் அடுக்கினால் அந்த உறுதி கிடைத்துவிடும். அதற்கு இன்டெக்ஸ் போடும்போது புலத்தின் பெயருக்குப் பக்கத்தில் டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் என்று சேர்க்கவேண்டும். அல்லது அந்தப் புலத்துக்கு மட்டும் சி கொலேஷன் (பைட் வரிசையில் அடுக்கும் விதி) கொடுக்கலாம். போட்டுவிட்டு எக்ஸ்பிளெய்னை மறுபடி பாருங்கள். இப்படி வரும்:

பெயர் ~>=~ 'மரு' ஆண்ட் பெயர் ~<~ 'மரூ'

மேல் எல்லை 'மரூ' என்று வருவதைக் கவனியுங்கள். கடைசிப் பைட்டில் ஒன்றைக் கூட்டினால் உகரக் குறி ஊகாரக் குறியாகிவிடுகிறது. முன்னெழுத்துத் தேடல் என்பது உள்ளே இதுதான்: ஒரு தொடக்கம், ஒரு முடிவு, இடையில் இருப்பதை அள்ளுவது. இதை முதன்முதலாகப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2024 பெப்ரவரி 10

டிரைகிராம் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லை மூன்றெழுத்துத் துண்டுகளாக்கி வைக்கும் இன்டெக்ஸ் அது, வேறு கேள்விக்கான விடை. பெயரின் நடுவில் எங்காவது வரும் துண்டைத் தேட, எழுத்துப் பிழையோடு கிட்டத்தட்டப் பொருந்துவதைத் தேட, அது நல்லது. தொடக்க எழுத்துக்கு மட்டும் என்றால் பி-ட்ரீயை விட இன்டெக்ஸ் பெரிதாகும், எழுதும்போது வேலையும் கூடும். '%ம%' போன்ற ஒற்றை எழுத்துத் தேடலில் மூன்றெழுத்துத் துண்டு ஒன்றும் கிடைக்காமல் இன்டெக்ஸ் முழுவதையும் நடக்கவேண்டி வரும்.

தமிழுக்கென்று ஒரு பொறியும் உண்டு. எழுத்தும் இலக்கமும் அல்லாததை டிரைகிராம் சொல் எல்லையாக எடுத்துக்கொள்ளும். எது எழுத்து என்பதை லொகேலிடம் கேட்டுத்தான் முடிவு செய்யும். தரவுத்தளத்தின் எழுத்து வகையே சி என்று இருந்தால் ஆங்கிலம் தவிர்ந்த எதையும் அது எழுத்தாக எண்ணாது. துண்டுகளைக் காட்டும் ஷோ_டிஆர்ஜிஎம் செயற்கூற்றுக்குத் 'தமிழ்' என்று கொடுத்துப் பாருங்கள், வெறும் அடைப்புக்குறி வரும். ஆகவே லைக் வேகமாகட்டும் என்று தரவுத்தளம் முழுவதையும் சி ஆக்கிவிடாதீர்கள். இன்டெக்ஸில் மட்டும் மாற்றுங்கள்.

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொன்னால்தான் மேலே எழுதியதில் எது எனக்குப் பட்டறிவு, எது வாசித்தது என்று விளங்கும்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு லொறித் தராசின் கணக்கை நான் பார்த்துக்கொடுக்கிறேன். பெரும்போக அறுவடை தொடங்கினால் இரவு பகலாக உழவு இயந்திரமும் லொறியும் வந்து நிற்கும். வாசலில் இருக்கும் தங்கச்சி பெயரின் முதல் எழுத்துகளை டைப் பண்ணுவார், பட்டியலில் ஆளைத் தெரிவார், சீட்டு அடிப்பார். 12 வருடச் சீட்டு, ஆறு இலட்சம் பதிவுக்கு மேல். கணினியோ பழையது. தேடலை நான் ஐலைக் (பெரிய எழுத்து, சிறிய எழுத்து பாராத லைக்) '%...%' என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த ஆறு இலட்சத்தையும் வாசித்து, ஒவ்வொரு பெயரையும் சிற்றெழுத்தாக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சிறிய எழுத்தும் இல்லை. ஐலைக்குக்கு அங்கே வேலையே இல்லை.

போன வருட அறுவடையில் வரிசை வீதிவரை நீண்ட ஒரு நாள், பட்டியல் வரும்வரை காத்திருக்க நேரமில்லாமல் தங்கச்சி ஆட்களைப் புதிதாகப் பதியத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் ஆள் நிற்கும்போது யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் போகம் முடிந்து கணக்குப் பார்க்கையில் ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பதிவு. ஒன்றில் முற்பணம், இன்னொன்றில் நெல்லு. ஒரு பெரியவர் கதிரையில் இருந்துகொண்டு, "மனே, போன மாரியும் இஞ்சதானே நான் நெல்லு நிறுத்தன்" என்று சொல்ல, திரையில் அவருக்குக் கடன் மட்டும்தான் தெரிந்தது. நெல்லைக் காணவில்லை. அவர் சத்தம் போடவில்லை. சீட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

அன்று இரவுதான் எக்ஸ்பிளெய்னை ஒழுங்காக வாசிக்கப் பழகினேன்.

2024 பெப்ரவரி 13

மேலே எழுதியதைத் திருத்தவேண்டும். "இன்டெக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது" என்ற எண்ணம் வரும்படி எழுதிவிட்டேன். நடந்தது அப்படியல்ல. பெரிய மாற்றம், சீட்டு அட்டவணையில் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு ஆட்களுக்கென்று தனி அட்டவணை வைத்ததுதான். ஆட்கள் 14,000 பேர்தான். 14,000 பதிவை இன்டெக்ஸ் இல்லாமல் முழுதாக வாசித்தாலும் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். அந்த அளவுக்கு எந்த இன்டெக்ஸ் என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை.

கல்லடித் தம்பி, உங்கள் உறுப்பினர்கள் எத்தனை பேர்? ஓரிரு ஆயிரம் என்றால் போஸ்ட்கிரெஸ் வேண்டுமென்றே முழு அட்டவணையையும் வாசிக்கலாம், அதுதான் மலிவு என்று கணக்குப் பார்த்து. அது பழுதல்ல.

2024 பெப்ரவரி 14

வேகம் வந்த மறுநாளே தங்கச்சியிடமிருந்து அடுத்த முறைப்பாடு வந்தது. "காக்கா, மருதமுனை ஆளுகளக் காணல்ல."

ஊர்ப் பெயரிலும் அதே தேடல்தான் வைத்திருந்தேன். நான் டைப் பண்ணிப் பார்த்தேன், வந்தது. தங்கச்சி டைப் பண்ணினால் வராது. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. அவர் ஒலிப்பு முறை விசைப்பலகை பாவிக்கிறார். ஆங்கில எழுத்தில் அடிக்க அடிக்க முதலில் 'மருத்' என்று புள்ளியோடு வரும். அடுத்த உயிரை அடித்த பிறகுதான் 'மருத' ஆகும். 'மருத்' என்ற நிலையில் தேடல் ஓடினால் மருதமுனை எப்படி வரும்? அவர் வெறும் பட்டியலைக் கண்டதும் கையை எடுத்துவிடுகிறார்.

தேடுவதற்கு முன் கடைசியில் புள்ளி இருந்தால் அதை வெட்டிவிடுங்கள். 'மருத%' என்று கேட்டால் மருதமுனையும் வரும், 'மருத்' என்று தொடங்குவதும் வரும், ஏனென்றால் புள்ளி அடுத்த தனிக் குறியீடாகத்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு வரி நிரல்தான். இத்தனை இன்டெக்ஸ் மாற்றத்திலும் வாசலில் இருப்பவருக்கு மிகக் கூடப் பயன்பட்டது இந்த ஒரு வரி என்றே நினைக்கிறேன்.

2024 பெப்ரவரி 18

பொத்துவில். இந்த ஒரு ஊர் எனக்கு ஒரு கிழமையைத் தின்றது.

'பொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். பகரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்று. அல்லது பகரத்துக்குப் பின் எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். முதல் விதம் 6 பைட், இரண்டாவது 9. பைட் வரிசையில் அடுக்கும் இன்டெக்ஸுக்கு இவை இரண்டு வேறு ஊர்கள்.

எங்கள் பழைய பட்டியல் எக்செல்லில் பாமினி என்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தது. பாமினியில் கொம்பும் காலும் தனித்தனியாகத்தான் அடிக்கவேண்டும். அதை யூனிகோடுக்கு மாற்றித் தந்த நிரல் அவற்றை அப்படியே தனித்தனியாக விட்டுவிட்டது. புதிதாக டைப் பண்ணியவை சேர்ந்த வடிவில். பாதிப் பொத்துவில் ஒரு பக்கம், பாதி இன்னொரு பக்கம். கோமாரி, கோளாவில், சொறிக்கல்முனை, கொண்டவட்டுவான் எல்லாவற்றுக்கும் இதே கதை. ஔகாரத்திலும் இது உண்டு. அதோடு 'ஔ' என்று அடிக்கவேண்டிய இடத்தில் 'ஒ' அடித்து 'ள' அடித்தவர்களும் இருக்கிறார்கள். அதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது, கையால்தான் பிடிக்கவேண்டும்.

சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு இயல்பாக்கம்) மாற்றுங்கள். இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் முன்பைவிடக் குழப்பம்.

2024 பெப்ரவரி 19

போஸ்ட்கிரெஸில் இதற்கு நோர்மலைஸ் என்ற செயற்கூறு 13இலிருந்துதான் இருக்கிறது. 12இல் இருப்பவர்கள் செயலியின் பக்கத்தில் செய்யவேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். வெட்டி ஒட்டும்போது கூடவே வந்துவிடும் அகலமில்லாத இணைப்பான்களையும் அங்கேயே களைந்துவிடுகிறேன்.

2024 மார்ச் 2

இங்கே எங்கள் பக்கத்துப் பெயர்களைத் தெரிந்தவர்களுக்கு அடுத்த சிக்கல் என்ன என்று தெரிந்திருக்கும். முதலெழுத்துகள். 'எம்.ஐ.எம்.', 'ஏ.எல்.எம்.' என்று நீண்டுகொண்டு போய்க் கடைசியில் ஒரு பெயர். பெயர்ப் புலத்தின் முன்னெழுத்தைத் தேடினால் 'எம்' என்று ஆயிரம் பேர், 'ஏ' என்று ஆயிரம் பேர். தங்கச்சிக்கு வேண்டியது கடைசியில் இருக்கும் சொல்.

இதற்குத்தான் பலர் '%' ஐ முன்னாலும் போடுகிறார்கள். நானும் அதனால்தான் போட்டிருந்தேன். போட்டவுடன் பி-ட்ரீ செத்துவிடும், தொடக்கம் தெரியாத வீச்சை அது எப்படி எடுக்கும்?

நான் செய்தது: பெயரைச் சொற்களாகப் பிரித்து, முதலெழுத்துகளை விட்டுவிட்டு, ஒரு சொல்லுக்கு ஒரு பதிவாகத் தனி அட்டவணை. ஆள் இலக்கம், சொல். சொல்லுக்கு பைட் வரிசை பி-ட்ரீ. இப்போது 'றிஸ்' என்று அடித்தால் பெயரின் எந்த இடத்தில் றிஸ்வான் இருந்தாலும் வரும்.

முழுவுரைத் தேடலிலும் இதைச் செய்யலாம். சிம்பிள் அமைப்பில் 'றிஸ்:*' என்று கேட்டால் ஜின் (எந்தச் சொல் எந்தப் பதிவில் என்று வைக்கும்) இன்டெக்ஸ் முன்னெழுத்துப் பொருத்தத்தைச் செய்துதரும். பெரிய ஆவணம் என்றால் நான் அதையே எடுப்பேன். பெயருக்குச் சொல் அட்டவணை எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம், தவறு நடந்தால் திறந்து கண்ணால் பார்க்கலாம்.

ஒரு நண்பர் எஸ்பி-ஜிஸ்ட் என்ற இன்னொரு இன்டெக்ஸ் வகை பற்றிக் கேட்டார். போஸ்ட்கிரெஸ் 11இல் ^@ என்ற 'தொடங்குகிறதா' குறி வந்தபோது அதற்கு இன்டெக்ஸ் உதவி எஸ்பி-ஜிஸ்டில்தான் இருந்தது. 15இலிருந்து சி கொலேஷன் பி-ட்ரீயும் ^@ ஐத் தாங்கும். அந்தக் குறியில் ஒரு நன்மை: '%', '_' எல்லாம் வெறும் எழுத்தாகவே இருக்கும். லைக்கில் பாவனையாளர் அடிக்கோடு அடித்தால் அது 'எந்த எழுத்தும்' ஆகிவிடும், நாம்தான் தப்பவைக்கவேண்டும்.

2024 மார்ச் 3

றிஸ்வான் என்று நேற்று எழுதினேன். அவரே இன்னொரு சீட்டில் ரிஸ்வான். றஹீம், ரஹீம், ரகீம். முகம்மது, முஹம்மது, முஹம்மத். முதல் எழுத்தே மாறினால் முன்னெழுத்துத் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது.

பிறகு ஸ்ரீ. ஸகரத்தில் தொடங்கி எழுதியது ஒன்று. 2005இல் யூனிகோடு 4.1இல் தமிழ் ஶகரம் வந்தபின் அதில் தொடங்கி எழுதுவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இதைச் சேர்த்துவைக்காது, ஏனென்றால் இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். இதோடு நம் ஆட்கள் 'சிறீ' என்றும் எழுதுவார்கள். ஸ்ரீதரன் என்ற ஒரு பெயருக்கு மூன்று வாசல்.

அதனால் சொல் அட்டவணையில் இன்னொரு புலம் சேர்த்தேன், 'சாவி' என்று பெயர். அதில் ற எல்லாம் ர, ஹ எல்லாம் க, ழ ள எல்லாம் ல, ண ன எல்லாம் ந, மூன்று ஸ்ரீயும் ஒன்று. திரையில் காட்டுவது எழுதிய பெயர். தேடுவது சாவியில். தேடும் எழுத்தும் அதே சல்லடையால் போகும். 12இலேயே கணித்துச் சேமிக்கும் புலம் இருக்கிறது. செயற்கூற்றை இம்மியூட்டபிள் (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை) என்று அறிவித்தால் அதிலேயே வைக்கலாம், கோவை (எக்ஸ்பிரஷன்) இன்டெக்ஸாகவும் வைக்கலாம். ஒன்று மட்டும்: சல்லடை விதியை மாற்றினால் பழைய பதிவுகள் தாமாக மாறாது. எல்லாவற்றையும் மறுபடி எழுதி, இன்டெக்ஸையும் மறுபடி கட்டவேண்டும். இம்மியூட்டபிள் என்று நாம் கொடுத்த வாக்கை நாமே மீறினோம் என்றுதான் போஸ்ட்கிரெஸ் பார்க்கும். அதற்குத் தெரியவும் வராது, தேடலில் ஆட்கள் காணாமல் போவார்கள்.

2024 மார்ச் 10

ண, ன, ந ஒன்றாக்கியதைத் திரும்ப எடுத்துவிட்டேன். சல்லடை மிகவும் பெரிய கண்ணாகிவிட்டது. ஆட்கள் உண்மையில் மாறி எழுதுவது எதை என்று இரட்டைப் பதிவுகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ர/ற, ஹ/க, ஸ்ரீ, ல/ள இவைதான். மற்றதெல்லாம் என் கற்பனை. உங்கள் ஊரில் வேறாக இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர் எழுதும் விதம் வேறு. உங்கள் பதிவுகளைப் பார்க்காமல் என் பட்டியலை எடுத்துப் போடவேண்டாம்.

'மு' ஒரு தனிப் பிரச்சினை. இன்டெக்ஸ் சரியாக வேலை செய்தாலும் 'மு' என்று இரண்டு தட்டில் மாவட்டத்தில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். 20 பேரைத்தான் திரையில் காட்டலாம். எந்த 20? பைட் வரிசை தமிழ் அகராதி வரிசை அல்ல. யூனிகோடு அட்டவணையில் ர, ற, ல, ள, ழ, வ என்று போகிறது. நாம் படித்தது ர ல வ ழ ள ற ன. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு வருவதால் 'க்' 'கௌ'வுக்குப் பின்னால் போய் நிற்கும். பட்டியலைத் தமிழ் வரிசையில் காட்டவேண்டுமென்றால் தேடலைப் பைட் இன்டெக்ஸில் செய்து, வந்ததை ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ்க் கொலேஷனில் அடுக்குங்கள். சில ஆயிரம் பெயர் அடுக்குவது பெரிய வேலையில்லை.

ஆனால் நான் அகர வரிசையையே விட்டுவிட்டேன். இந்தப் போகத்தில் கடைசியாக வந்தவர் மேலே. அறுவடைக் காலத்தில் ஒருவர் ஒரு தரம் வந்தால் அதே கிழமையில் மறுகாவும் வருவார். தங்கச்சி இப்போது பெரும்பாலும் இரண்டாவது எழுத்தோடு நிறுத்திவிடுகிறார்.

2024 மார்ச் 17

வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) போய் நெல்லு வாங்குபவர் ஒருவர் கேட்டதற்கு: ஓம், கைபேசியில் எஸ்கியூலைட் தரவுத்தளத்திலும் இது ஓடும், ஆனால் விதி வேறு. அங்கே லைக் ஆங்கில எழுத்தின் பெரிது சிறிது பார்க்காது. அதனால் சாதாரண இன்டெக்ஸை அதற்கு எடுக்காது. இன்டெக்ஸை நோகேஸ் (பெரிது சிறிது பாராத) கொலேஷனில் போடுங்கள், அல்லது லைக்கை விட்டு குளோப் 'மரு*' என்று கேளுங்கள். தமிழுக்குக் குளோப் போதும்.

மைஎஸ்கியூஎல்லில் லைக் 'மரு%' சாதாரண இன்டெக்ஸையே எடுக்கும். அங்கே தடக்குவது நீளம். பழைய நிரை வடிவத்தில் இன்டெக்ஸ் சாவி 767 பைட். யூடிஎஃப்8எம்பி4இல் எழுத்துக்கு 4 பைட் ஒதுக்குவதால் 191 எழுத்தோடு நின்றுவிடும். புதிய டைனமிக் வடிவத்தில் 3072 பைட். பெயருக்கு எப்படியும் முதல் 20, 30 எழுத்துக்கு இன்டெக்ஸ் போட்டால் போதும்.

2024 மார்ச் 24

தேடும் வடிவம் இன்னொரு அட்டவணையின் புலத்திலிருந்து வந்தால் லைக் இந்த இன்டெக்ஸை எடுக்காது. ஊர்ப் பட்டியலோடு இணைத்துப் பார்த்தபோது மறுபடி முழு வாசிப்பு. வினவலைத் திட்டமிடும் நேரத்தில் தொடக்க எழுத்து தெரிந்திருக்கவேண்டும். அந்த இடத்தில் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் நானே எழுதி, முதல் நாள் காட்டிய ~>=~, ~<~ குறிகளைப் பாவித்தேன்.

2024 ஓகஸ்ட் 25

சிறுபோகம் வெட்டு முடியப்போகிறது. இந்த இழைக்கு ஐந்து மாதம் வரவில்லை.

தராசுக் கணினியில் உபுண்டு 18.04ஐ 20.04 ஆக்கினோம். இதைச் செய்யப்போகிற எவரும் கேளுங்கள்: 2018இல் வந்த கிளிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) 2.28இல் மொழி வரிசை விதிகள் பெரிதாக மாறின. 18.04இல் இருப்பது 2.27, 20.04இல் 2.31. பழைய விதியில் அடுக்கிய இன்டெக்ஸைப் புதிய விதியில் தேடினால் இருக்கும் பதிவையே இல்லை என்று சொல்லலாம், தனித்துவக் கட்டுப்பாட்டைத் தாண்டி இரட்டைப் பதிவு உள்ளே வரலாம். உரைப் புலங்களின் சாதாரண இன்டெக்ஸ் எல்லாவற்றையும் ரீஇன்டெக்ஸ் பண்ணினேன். டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸில் போட்டவற்றுக்கு இது தேவைப்படவில்லை. அவை பைட் வரிசை, எந்த மொழி விதியையும் கேட்பதில்லை.

இரட்டைப் பதிவுகளைச் சாவியின்படி குழுவாக்கி, ஆட்களையே கூப்பிட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டு வருகிறேன். தானாக இணைக்கவில்லை. ஒரே பெயரில் ஒரே ஊரில் உண்மையிலேயே இரண்டு பேர் இருப்பார்கள். மேலே சொன்ன பெரியவருடையது மூன்று பதிவாக இருந்தது: ஒன்று றவில், ஒன்று ரவில், மூன்றாவது ஊர் 'பொத்துவில்', பழைய பாமினிக் கொம்போடு. நேற்று நெல்லோடு வந்தார். தங்கச்சி இரண்டு எழுத்து அடித்தார், ஒரு பெயர்தான் வந்தது, முற்பணமும் நெல்லும் ஒரே இடத்தில். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, போன வருடச் சீட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன, கொண்டுவரவா என்று கேட்டார். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அவற்றில் இன்னும் இரண்டு நிறை திரையில் இல்லை.